மயிலம்மாள் நடந்து போனாள்

சுங்கை காடுட்,
5 மார்ச் 2023

அண்ணனுக்கு,

அம்மாவின் கருமாதி அன்று நடுவீட்டில் நின்று சொன்னேன், என் குரல் இனி உங்கள் காதில் விழாது என்று. மூன்று வருடமாக வாக்குத் தவறவில்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் என் நம்பரை அடைத்து வைத்தீர்கள். தபால்காரரை அடைக்க முடியாது.

ஆத்துமேட்டுத் தோட்டத்தை வாங்கிய வீடமைப்புக் கம்பெனி ஆற்றோர இடுகாட்டையும் சேர்த்து நிரவப் போகிறதாம். இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் கோயில் கமிட்டியின் தலைவரான நீங்கள் மே முப்பத்தொன்றாம் தேதி சம்மதக் கையெழுத்துப் போடப் போகிறீர்களாம். ஃபிளோரா சொன்னாள். ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், பொய் சொல்லத் தெரியாது.

அம்மாவைத் தோண்டி எடுத்து வேறு எங்கோ கொண்டுபோய் வைப்பார்கள். பதிலுக்குக் கம்பெனி ஒரு மண்டபம் கட்டித் தரும், அதற்கு ராமசாமி கங்காணி மண்டபம் என்று பெயர். உங்கள் முன்னறையில் தலைப்பாகையும் குடையுமாகத் தொங்குகிறாரே, நம் கொள்ளுத்தாத்தா, நூறு கூலி ஆட்களைக் கட்டி மேய்த்தவர் என்று நீங்கள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவீர்களே, அவர் பெயரில்.

அம்மா தைக்குத் தை இடுகாட்டில் முதல் சூடம் யாருக்கு ஏற்றுவார்? மூலையில் இருக்கும் மொட்டைக் கல்லுக்கு. "இது மயிலம்மா. எங்கப்பாவோட ஆத்தா. இந்த ஆத்தோர மண்ணு தொர குடுத்தது இல்லடி, நம்மளோடது" என்பார். நமக்கு அது விளையாட்டுப் பேச்சாக இருந்தது. இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்மாவின் டிரங்குப் பெட்டியை நீங்கள் தூக்கிக்கொண்டு போனதால்தான் அன்று சண்டையே வந்தது. அதில் காகிதம் ஏதாவது இருக்கிறதா? பதில் வராவிட்டால் நானே நில அலுவலகத்துக்கும் கோலாலம்பூரில் பழைய பதிவேடுகள் இருக்கும் இடத்துக்கும் போவேன். நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் வரிசையில் நிற்கத் தெரியும். இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன்.

குமுதவல்லி

•

உ
வேலும் மயிலும் துணை

லிங்கி,
14 மார்ச் 2023

குமுதவல்லிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து அழகாக இல்லை, கருத்தும் அப்படியே.

பெட்டியில் அம்மாவின் நான்கு சேலைகளும் வெற்றிலைச் செல்லமும் இருக்கின்றன. வேறொன்றும் இல்லை.

முப்பத்தொரு வருடம் அதே தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். வரைபடத்தில் இடுகாடு தோட்டத்து வேலிக்கு உள்ளே இருக்கிறது. நீ ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் சிப்பு ஒட்டிக்கொண்டிருந்தவள், எனக்கு நிலம் சொல்லித்தர வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

வம்சம் பற்றியும் தெரிந்துகொள். 1998ல் அலுவலகத்தை மூடியபோது குப்பைக்குப் போக இருந்த இரண்டு பொருள்களை நான்தான் காப்பாற்றினேன். ஒன்று கங்காணியின் புகைப்படம். மற்றது தோட்டப் பள்ளிக்கூடத்தின் 1919ம் வருடப் பதிவேடு. அதில் நம் தாத்தா அங்கமுத்துவின் பெயருக்கு நேரே, தகப்பன் பெயர்: ராமசாமி கங்காணி. மயிலம்மாள் அவருடைய தர்மபத்தினி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

உன் மருமகள் விமலாவுக்கு ஜூன் பதினொன்றாம் தேதி கல்யாணம். 'அமரர் ராமசாமி கங்காணி அவர்களின் எள்ளுப்பேத்தி' என்று பத்திரிகை அச்சாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் அந்த வரியைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பந்தல் போடுகிற வீட்டில் நீ கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வராதே.

சந்திரன்

•

சுங்கை காடுட்,
2 ஏப்ரல் 2023

அண்ணனுக்கு,

வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

ஃபிளோராவின் மகள் எலெய்ன் ஒரு லாயரிடம் வேலை பார்க்கிறாள். அவள் லீவு போட்டுக் கூட வந்தாள். போர்டிக்சன் நில அலுவலகத்தில் பணம் கட்டி அந்த ஆற்றோர இடத்தின் பழைய பக்கத்தைக் கேட்டோம். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனோம். காகிதத்தைக் கையில் வாங்கி எலெய்ன் படித்துச் சொன்னாள்.

1926. ஒரு ஏக்கர். உரிமையாளர்: மயிலம்மாள், மாடு வளர்ப்பவள், முன்னாள் ஆத்துமேட்டுத் தோட்டக் கூலி. கீழே கட்டைவிரல் ரேகை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை, பெயரும் மாறவில்லை. அவள் செத்து எழுபது வருடம் ஆகியும் நிலத்தின் உரிமைக் கிராண்ட் அவள் பெயரில்தான் இருக்கிறது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தோட்டம் எப்போதோ வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். வேலியை வைத்து வரைந்த படத்தைப் பார்த்து நீங்கள் முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள்.

போன வாரம் கோலாலம்பூர் போனோம். ஒப்பந்தக் கூலிகளின் பெயரேட்டைப் பார்க்க உறை போட்ட கையோடு உட்கார வைத்தார்கள். 1908, நாகப்பட்டினத்துக் கப்பல், ஆத்துமேட்டுத் தோட்டத்துக்கு. மயிலம்மாள், வயது இருபது, தனியாள், இடது புருவத்தில் தழும்பு, உயரம் நாலடி பத்தங்குலம். நானும் நாலடி பத்தங்குலம்தான் அண்ணே. ஃபேக்டரியில் மெஷின் எட்டாமல் பெட்டி போட்டு என்னை ஏற்றி நிற்க வைத்தார்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்தில் படக் கூடாது என்று எலெய்ன் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.

இனிமேல் வருவதை உட்கார்ந்து படியுங்கள். 1910ல் அவள் ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போயிருக்கிறாள். பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். கோர்ட்டுக் குறிப்பு இருக்கிறது. ஏன் ஓடிப்போனாய் என்று துரை கேட்கிறான். அவள் சொன்னதை இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்கள், எலெய்ன் தமிழில் சொன்னாள். 'நான் ஓடவில்லை. பகலில் நடந்து போனேன். எல்லாரும் பார்த்தார்கள்.' ஒரு மாதம் ஜெயில்.

புகார் கொடுத்தது யார் தெரியுமா? ராமசாமி கங்காணி. உங்கள் முன்னறையில் மாலையோடு இருப்பவர். 'என் ஆள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். 'என் மனைவி' என்று இல்லை.

பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு வருவோம். ஃபிளோராவின் தாத்தா அந்தோணியும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய பள்ளிக்கூடச் சீட்டை அவள் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். அதிலும் தகப்பன் பெயர் ராமசாமி கங்காணி. அப்படியென்றால் ஃபிளோரா நமக்குப் பங்காளி. கல்யாணத்தில் அவளை முன்வரிசையில் உட்கார வைப்பீர்களா? பதிவேடு உங்களிடம்தானே இருக்கிறது, ஒரு பக்கம் திருப்புங்கள். அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி எழுதுங்கள்.

நாம் வாரிசு மனுப் போடலாம் என்கிறாள் எலெய்ன். குறைவது ஒன்றுதான். அங்கமுத்துத் தாத்தா மயிலம்மாளின் மகன் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். பதிவேட்டில் தாய் பெயருக்கு இடமே இல்லையாம். மறுபடி கேட்கிறேன், பெட்டியில் என்ன இருக்கிறது?

குமுதவல்லி

•

உ
வேலும் மயிலும் துணை

லிங்கி,
11 ஏப்ரல் 2023

குமுதவல்லிக்கு,

உன் கடிதத்தை விமலாவின் அம்மா படிக்கும் முன் மடித்து வைத்தேன்.

நம் வம்சத்தில் ஜெயில் கிடையாது. மயிலம்மாள் என்று அந்தக் காலத்தில் நூறு பேர் கப்பல் ஏறியிருப்பார்கள். எவளோ ஒருத்தியை இழுத்து வந்து அம்மாவின் பக்கத்தில் படுக்க வைக்கிறாய். பதிவேட்டின் மற்றப் பக்கங்களைப் புரட்ட எனக்கு நேரமில்லை, கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

ஊர் கூடும் சபையில் பெண் கொடுக்க நிற்கிறேன். அரசாங்கம் பதிந்து கொடுத்த பிறப்புச் சூராட்டில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் கோடு இழுத்திருக்கும் ஒருவனின் பேரன் நான் என்று எல்லாரும் பேச வேண்டும், அதுதானே உனக்கு ஆசை? கங்காணி வீடு என்ற பெயரில்தான் நான் இந்தத் தோட்டத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன். கமிட்டியில் பேசினால் கேட்கிறார்கள். அதை உடைப்பதில் உனக்கு என்ன கிடைக்கும்?

கையெழுத்துப் போடத்தான் போகிறேன். அம்மாவை மரியாதையாக எடுத்து வைப்பார்கள். இனி எழுதாதே.

சந்திரன்

•

சுங்கை காடுட்,
23 ஏப்ரல் 2023

அண்ணனுக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருப்பேன் என்று நினைத்தீர்களா? அம்மா பெற்ற பிள்ளைகளில் யார் சொல் கேட்டது?

நான் பிறப்புச் சூராட் என்று எங்கேயும் எழுதவில்லை. பழைய கடிதத்தை எடுத்துப் பாருங்கள், 'ஒரு காகிதம்' என்றுதான் கேட்டேன். தாத்தாவின் பிறப்புச் சூராட்டை நான் என் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்க்காத காகிதத்தில் தகப்பன் இடத்தில் கோடு இழுத்திருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்று தடவை படித்தேன் அந்த வரியை. முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது, முப்பத்தொரு வருடம் கிராணி, ஒரு கடிதத்தில் மாட்டிக்கொண்டாரே என்று. மூன்றாம் தடவை அம்மா கண்முன் வந்து நின்றார். அம்மா சாகும்போது அதை உங்கள் கையில் கொடுத்தாரா? கொடுத்தபோது என்ன சொன்னார்?

வெள்ளிக்கிழமை இடுகாட்டுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கல்லிலும் சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டிருக்கிறார்கள். அம்மா பதினேழு. நீலாவதி என்று நாம் வெட்டி வைத்த பெயருக்கு மேலேயே பதினேழு. மயிலம்மாளுக்கு நம்பர்கூட இல்லை, வெறும் கல் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நான் பக்கத்து மலாய்க் கம்போங் கடையில் மண்ணெண்ணெய் வாங்கி வந்து அம்மாவின் கல்லைத் துடைத்தேன். அப்புறம் மற்றவர்களுடையதையும் துடைத்தேன். முப்பத்தெட்டுக் கல். கை இன்னும் நாறுகிறது. மறுபடி போட்டால் மறுபடி துடைப்பேன், சொல்லிவிடுங்கள் உங்கள் கம்பெனியிடம்.

எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். இருபது வயதில் தனியாகக் கப்பல் ஏறி, அடிக்கும் உதைக்கும் நடுவில் பட்டப்பகலில் கிளம்பி நடந்து, ஜெயிலுக்குப் போய், திரும்பி வந்து, மாடு வளர்த்து, பிள்ளையை வளர்த்து, அதே தோட்டத்தின் வாசலில் ஒரு ஏக்கர் வாங்கிக் கட்டைவிரலை ஊன்றியவள் எனக்கு ஆத்தா. அது போதும் எனக்கு. தகப்பன் இடத்தில் கோடு இருந்தால் இருக்கட்டும். அவள் எவன் பெயரையும் சொல்லவில்லை என்று அர்த்தம். கோர்ட்டில் துரைக்கே அப்படிப் பதில் சொன்னவள், சொல்லாமல் விட்டதிலும் ஒரு நியாயம் இருக்கும்.

கங்காணியின் பேரனாக நீங்கள் தலை நிமிர்ந்து நடந்தீர்கள். நடங்கள். அவள் இடத்தை விற்று அவனுக்கு மண்டபம் கட்டாதீர்கள்.

பக்கத்தைத் திருப்பினீர்களா?

குமுதவல்லி

•

உ

லிங்கி,
29 மே 2023

குமுதா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

பக்கத்தைத் திருப்பினேன். 1919ல் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். இருபத்து மூன்று பேருக்குத் தகப்பன் ராமசாமி கங்காணி. அதில் ஒன்பது பேர் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். மூன்று பேர் கிறிஸ்தவர்கள். எண்ணிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கூலி ஆட்களின் வருகை எழுதும் செக்ரோலில் ஒரு கும்பலுக்குத் தலைப்பில் கங்காணி பெயர், அதற்குக் கீழே ஆட்கள். அவன் ஆள் என்றால் அவன் பொறுப்பு. தகப்பன் செத்த பிள்ளை, ஓடிப்போனவன் பிள்ளை, யார் என்று தெரியாத பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றால் கிராணி கட்டத்தைக் காலியாக விட மாட்டான், கும்பலின் தலைப்பில் இருப்பவன் பெயரை இழுத்து எழுதிவிடுவான். துரையும் கேட்க மாட்டான், வாத்தியாரும் கேட்க மாட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானே எழுதியிருக்கிறேன். 1989ல் மருந்தடிக்கிற மாரியாயி பையனோடு வந்து ஜன்னலில் நின்றாள். அப்பா பேர் என்று கேட்டேன், தரையைப் பார்த்தாள். அவள் கும்பலை மேய்த்த மண்டோர் பெயரை எழுதினேன். நல்லது செய்தோம் என்று அன்று நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன். என்னைப் போல் ஒரு கிராணி செய்த உபகாரத்தை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டி, இருபத்தைந்து வருடம் கும்பிட்டிருக்கிறேன்.

அம்மா போவதற்கு இரண்டு நாள் முன்னால் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பெட்டிக்கு அடியில் காகிதத்தைக் காட்டினார். "இத குமுதாகிட்ட குடுத்துடு. உனக்கு வெக்கமா இருக்கும், அவளுக்கு இருக்காது" என்றார். கேட்டுக்கொண்டாயா? அதுதான் எனக்குக் கோபம். உன் மேல் இல்லை. அம்மா என்னைச் சரியாக எடை போட்டுவிட்டார் என்று. அதற்காகத்தான் பெட்டியைத் தூக்கினேன், அதற்காகத்தான் உன்னை வாசல்படி மிதிக்காதே என்றேன்.

நீ கல்லைத் துடைத்த அன்று நான் கோயில் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் மூன்று மணிநேரம். ஒருமுறை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். அம்மாவே நின்றது போலிருந்தது. கிட்டே வர எனக்குத் தைரியம் இல்லை.

கம்பெனிக்காரர்கள் தேதியை முன்னால் இழுத்து இன்று காலையே வந்தார்கள். கமிட்டி முழுக்க உட்கார்ந்திருந்தது. பேனாவை என் பக்கம் நகர்த்தினார்கள். "நான் கிராணிலா. படிச்சுப் பாக்காம கையெழுத்து போட மாட்டேன். படிச்சிட்டேன். போட மாட்டேன்" என்றேன். மயிலம்மாளின் கிராண்ட் நகலை, நீ அனுப்பியதை, மேசை மேல் வைத்தேன். அவள் ஜெயிலுக்குப் போனவள் என்பதையும் நானே சொல்லிவிட்டேன். பிறகு யாராவது சொல்லி நான் கேட்பதைவிட அது மேல். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். வழக்குப் போடுவோம் என்று கம்பெனி ஆள் சொன்னான். தலைவர் பதவி நிலைக்காது. போகட்டும்.

படத்தைப் போன வாரமே கழற்றிவிட்டேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. அதை அப்படியே விடச் சொல்லிவிட்டாள் விமலா. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். நான் பயந்தபடி அழவில்லை. "அப்பா, இது எவ்ளோ நல்ல கதை, இதையா ஒளிச்சு வெச்சீங்க?" என்றாள். பத்திரிகை நானூறு அச்சாகி இருக்கிறது. அச்சான பத்திரிகையில் அடித்து எழுதினால் அமங்கலம் என்று அண்ணி கத்துகிறாள். அடித்துத்தான் எழுதினேன், நானூறிலும், என் கையாலேயே. 'அமரர் மயிலம்மாள் அவர்களின் எள்ளுப்பேத்தி.' சம்பந்திக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, யார் இது என்று கேட்டார். இரண்டு மணிநேரம் சொன்னேன். காப்பி ஆறிப்போய்விட்டது. கல்யாணம் நிற்கவில்லை.

காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 1911, குழந்தை அங்கமுத்து, தாய் மயிலம்மாள், தகப்பன் இடத்தில் கோடு. மடிப்பில் கிழியும், மெல்லப் பிரி.

மன்னிப்புக் கேட்டு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

சந்திரன்

•

சுங்கை காடுட்,
2 ஜூன் 2023

அண்ணே,

காகிதம் கிழியாமல் வந்து சேர்ந்தது. கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். நன்றாக அழுத்தித்தான் இழுத்திருக்கிறான் அந்தக் கிராணி.

மன்னிப்பைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். மூன்று வருடம் அம்மா என்னை மறந்துவிட்டார் என்று நினைத்து அழுதிருக்கிறேன், அது ஒரு கடிதத்தில் தீராது. ஆனால் நானூறு பத்திரிகையை அடித்து எழுதினீர்களே, அதற்கு ஒரு பங்கு கழித்துக்கொள்கிறேன். ஃபிளோராவுக்கும் எலெய்னுக்கும் பத்திரிகை வரவில்லை. பங்காளி வீட்டை மறந்தால் எப்படி?

எலெய்ன் நேற்றே மனுவைக் கொடுத்துவிட்டாள். ஜூன் எட்டு, வியாழக்கிழமை, காலை ஒன்பதரை, போர்டிக்சன் நில அலுவலகம். வாரிசுகள் இரண்டு பேரும் நேரில் வர வேண்டும். கம்பெனி லாயரும் வருவானாம். வரட்டும். எத்தனை வருடம் இழுப்பான்? அவள் கிராண்ட் தொண்ணூற்றேழு வருடம் காத்துக்கிடந்தது, நமக்கென்ன அவசரம்.

மனுவில் கொள்ளுப்பாட்டனார் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுத என்று எலெய்ன் கேட்டாள். கோடு போடச் சொன்னேன். நீங்கள் வந்து அதில் யார் பெயரையும் எழுதிவிடாதீர்கள், கிராணி புத்தி சும்மா இருக்காது.

இன்னொன்று. அதிகாரி கேள்வி கேட்டால் நான் வாய் திறக்க வேண்டும். என் குரல் உங்கள் காதில் விழும். வாக்குத் தவறியதாகவே இருக்கட்டும். பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய்விடலாம், ஆள் பார்க்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்வாசல் வழியாகத்தான் போகிறோம், ஒன்பதரை மணி வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க.

கிராண்டில் இருக்கும் பெயரைத்தான் கூப்பிடுவார்களாம். மயிலம்மாள் என்று கூப்பிட்டதும் நான்தான் முதலில் எழுந்திருப்பேன். நீங்கள் எனக்குப் பின்னால்.

குமுதா